கம்பவுண்டர் கொடுத்த தைலம்

லோகாம்பாளுக்கு என்ன வேலை என்று கேட்டால் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாது. நர்ஸ் இல்லை, சமையல்காரியும் இல்லை. எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வாள். குளிப்பாட்டுவது, மலம் மூத்திரம் எடுப்பது, கஞ்சி புகட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். மாகறலில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் செத்த பிறகு மாமியாரை மூன்று வருஷம் பார்த்தாள். மாமியாரும் போனதும் கொழுந்தன் வீட்டைப் பூட்டிக்கொண்டான். அதற்கப்புறம் ஐந்து வீடு, ஐந்து சாவு. ஒரு வீட்டில் வேலை முடிந்தால் தன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். மற்ற நாளில் அந்தப் பை ஆணியில் தொங்கும்.

நான் கம்பவுண்டர். டாக்டர் எழுதித் தரும் ஊசியை வீடு வீடாகப் போய்க் குத்திவிட்டு வருகிறவன். அறுபத்தேழாம் வருஷம் மாணிக்கவாசகம் என்ற நெசவாளி வீட்டில்தான் அவளை முதலில் பார்த்தேன். அவருடைய தாயார் நீலாம்பாளுக்கு வலது பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஆ, ஊ என்று சத்தம் மட்டும்தான். நல்ல கனத்த சரீரம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி.

நான் கிளம்பும்போது லோகாம்பாள் வாசல் வரைக்கும் கூடவே வருவாள்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போங்கணா. காலையிலேர்ந்து நானே பேசிக்கினு இருக்கேன், பதிலுக்கு ஒரு வார்த்தை கிடையாது.”

“எனக்கு வேற வேலை இல்லையாம்மா?” என்று எரிந்து விழுவேன். பெரிய கலெக்டர் உத்தியோகம் பாருங்கள்! அந்த வீட்டில் அவளோடு பேச ஆளே இல்லை. மாணிக்கவாசகம் விடிந்தால் தறிக்குழியில் இறங்கிவிடுவார். அவர் மனைவி கிருஷ்ணவேணிக்கு அடுப்புக்கும் நூலுக்கும் நடுவிலேயே பொழுது போய்விடும். கெட்டவர்கள் இல்லை. நேரத்துக்குச் சோறு போட்டார்கள். அதோடு சரி.

ஒருமுறை டாக்டரே வந்து கிழவியைப் புரட்டிப் பார்த்தார். எட்டு மாசப் படுக்கை, முதுகில் ஒரு புண் இல்லை. “பேஷ், தாயாரை நல்லாப் பாத்துக்கிறீங்க!” என்று மாணிக்கவாசகத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தூக்கிப் புரட்டியவள் மூத்திரச் சட்டியோடு மூலையில் நின்றாள். நானாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

தை மாசம் ஒரு காலை. தெருவில் பாவு போட்டிருந்தார்கள். சேலைக்கு வேண்டிய நீள இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் நீவிக் காயவைக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் கை கால் உள்ள அத்தனை பேரும் தெருவில்தான். ஈரப் பாவை விட்டு ஒருவரும் நகர மாட்டார்கள். நகர்ந்தால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு பாவே பாழ். நான் பையோடு போய்ச் சேர்ந்தபோது உள்ளேயிருந்து லோகாம்பாள் கத்தினாள்.

“யாராச்சும் வாங்களேன்!”

மாணிக்கவாசகம் தலையை மட்டும் திருப்பி, “தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்” என்றார். கை பாவை விடவில்லை. “கம்பவுண்டரே, நீங்க கொஞ்சம் என்னான்னு பாருங்க.”

போய்ப் பார்த்தேன். கட்டிலிலிருந்து சரிந்துவிட்ட கிழவியை லோகாம்பாள் ஒருத்தியே தூக்கி மேலே கிடத்தியிருந்தாள். கிழவி பத்திரமாக இருந்தாள். இவள் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

“முதுகுல பளீர்னுச்சுணா. எழுந்திருக்க முடியல. அவுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“ஏன் சொல்லக் கூடாது?”

“தூக்க முடியாதவள எந்த வீட்டுல வெச்சிக்குவாங்க? ஒரு வீட்டுல தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுடும். எனக்குப் போறதுக்கு எடம் ஏதுணா?”

சொல்லவில்லை. கைகொடுத்து எழுப்பி உட்காரவைத்து, பையிலிருந்து ஒரு புட்டி தைலம் எடுத்துக் கொடுத்தேன். “காலையும் சாயங்காலமும் முதுகில் சூடு பறக்கத் தேய்க்கணும்” என்றேன். மருந்து கொடுத்தாயிற்று, என் கடமை தீர்ந்தது! யார் தேய்ப்பார்கள் என்று யோசித்தேனா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனாலும் அவள் பத்துப் பதினைந்து நாளில் நிமிர்ந்துவிட்டாள். எப்படி என்று ஒரு மத்தியானம் தெரிந்தது. அன்று கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் லோகாம்பாள் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். நீலாம்பாள் தன்னுடைய நல்ல கையால், அந்த இடது கையால், தைலத்தைத் தொட்டுத் தொட்டு அவள் முதுகில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆ, ஊ என்று ஏதோ அதட்டல் வேறு.

“அங்கதாம்மா. இன்னுங் கொஞ்சம் கீழ” என்றாள் லோகாம்பாள்.

நான் பின்வாங்கி வாசலுக்கு வந்து இருமினேன். ஊசி போடும்போது கிழவியின் கையில் தைல வாசனை அடித்தது. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆடியில் நீலாம்பாள் போய்விட்டாள். பிணம் எடுத்த பிறகு வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் தலைமுழுகினார்கள். லோகாம்பாளும் போய் ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். இரண்டாவது சொம்பை அவள் கையிலிருந்து கிருஷ்ணவேணி வாங்கி வைத்துவிட்டாள். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான் சொன்னாள்.

“உனக்கு ஏது தீட்டுக்கா? ஈரத்துல நின்னா சளி புடிச்சிக்கும். ரூமைக் கழுவி வுட்டுட்டு நீ கெளம்பு. வாலாஜாபாத்துல ஒரு வீட்டுல ஆள் கேட்டுக்கினு இருக்காங்க.”

மருமகளுக்குத் தீட்டு உண்டு. கிழவி படுத்தபிறகு எட்டியே பார்க்காத பங்காளிக்கும் உண்டு. இவளுக்கு ஒருநாள் உட்கார்ந்து அழுவதற்குப் பாத்தியதை இல்லை! பாதி நனைந்த தலையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் டிஸ்பென்சரிக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் துணிப்பை.

“தூக்கமே வரலணா. வாலாஜாபாத் வீட்டுப் பெரியவருக்கு ஆளே தெரியல, தொட்டாலே அடிக்கிறாரு. முதுகு பழையபடி வெட்டி இழுக்குது. காரணமே இல்லாம அழுகை அழுகையா வருது.”

நான் பெரிய வைத்தியனாட்டம் அலமாரியைத் திறந்து புதுத் தைலப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தேன். அவள் பைக்குள் கையை விட்டுப் பழைய புட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பாதித் தைலம் அப்படியே இருந்தது.

“வேணாம்ணா. இதுவே தீரல. முதுகுக்கு என் கை எட்டல.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். “வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு பாரும்மா” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் போய் என் மனைவி தேவகியிடம் சொன்னேன். என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

“எட்டலன்னு ஒருத்தி வந்து நிக்கிறா. ரெண்டு தெரு தள்ளி நான் சும்மாதானே குந்திக்கினு இருந்தேன்? இட்டுக்கினு வர்றதுக்கு என்னா?”

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வாலாஜாபாத் போனோம். அந்த வீட்டுக்காரர் வாசலிலேயே கையை விரித்தார்.

“அந்தம்மாவா? தூக்க முடியலன்னு நேத்து காலையிலயே அனுப்பிட்டோமே.”

அப்போதுதான் எனக்கு முந்தின சாயங்காலம் அவள் கையிலிருந்த அந்தத் துணிப்பை ஞாபகம் வந்தது.