எழுத்தில் போட்ட அறுபது

அன்று கேன்டீனில் இருந்தவர்கள்: ஈப்போவிலிருந்து வந்த தொழிற்சங்க அதிகாரி. கமிட்டித் தலைவர் மாரியப்பன். பேக்கிங் பகுதிப் பாக்கியம் அக்கா. அவருக்குப் பின்னால் பகல் ஷிப்ட் ஆட்கள், சோற்றுப் பொட்டலத்தோடு. எல்லாருக்கும் முன்னால், கையில் கம்பெனியோடு சங்கம் போடும் கூட்டு ஒப்பந்தத்தோடு, நான்.

அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னேன். ஆங்கிலத்தில் இருந்த அந்த ஒப்பந்தத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போல நின்றேன்.

அது மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அதைவிடக் கெட்டது ஒன்று செய்தேன்... சொல்கிறேன். நீங்கள் முழுதும் கேட்க வேண்டும்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தவன் நான். தமிழ் எழுதுவேன். மலாய் பேசுவேன். ஆங்கிலத்தில் என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன், அழகாகவே போடுவேன். பதிமூன்று வயதில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போய்விட்டேன். தோட்டத்தை விற்று எங்களை வெளியேற்றியபோது வீட்டுக்காக முன்னால் நின்று கத்தினேன். அந்தப் பேர் என்னோடு இந்தக் கையுறை ஆலை வரைக்கும் வந்தது. தைரியசாலி என்று சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். தைரியசாலிக்குப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை!

அதிகாரி அவசரத்தில் இருந்தார். காம்பாரில் இன்னோர் ஆலை அவருக்காகக் காத்திருந்தது.

"செயலாளர் அண்ணே, ஒரு தடவை பார்த்துட்டீங்கல்ல? நீங்களே தமிழ்ல சொல்லிருங்க. புரிஞ்சதுதானே?"

"புரிஞ்சதுலா," என்றேன்.

ஒரு சொல். அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். சம்பளத் துண்டு கைக்கு வந்தால் நடுவில் உள்ள எழுத்தைப் பார்க்க மாட்டோம். எண்ணைத்தான் பார்ப்போம். எண் சரியா, சரி. ஒப்பந்தத்தையும் நான் அப்படித்தான் பார்த்தேன். எட்டு விழுக்காடு, எண்ணில் இருந்தது. இரவு ஷிப்ட் படி, எண்ணில் இருந்தது. மருத்துவ விடுப்பு நாட்கள், எண்ணில் இருந்தன. பதினோராம் பக்கத்தில் எண்ணே இல்லை. வெறும் எழுத்து. புரட்டிவிட்டேன்.

"சம்பளம் எட்டு விழுக்காடு ஏறுது. நவம்பர் ஒண்ணுல இருந்து. மத்ததெல்லாம் பழைய மாதிரிதான்," என்றேன்.

கை தட்டினார்கள். அங்கேயே கையெழுத்தும் போட்டேன்.

பாக்கியம் அக்கா எழுந்தார். வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருஷச் சேவை. வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கொண்டுபோக வேண்டும். வேலையை விட்டு, வரும் சேவைக் காசில் பழைய கார் ஒன்று வாங்குவது அவர் திட்டம்.

"தம்பி, சேவைக் காசும் பழைய மாதிரிதானே? வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம்?"

"அதேதான் அக்கா."

"அப்ப நாளைக்கே வேலைய விடுறேன்னு கடுதாசி கொடுத்திடவா?"

இங்கேதான் நான் கெட்டிக்காரன் ஆனேன்.

"அவசரப்படாதீங்க அக்கா. சேவைக் காசைக் கடைசிச் சம்பளத்தை வச்சுத்தான் கணக்குப் போடுவான். சம்பளம் ஏறட்டும். நவம்பர்ல கொடுங்க. கூட வரும்லா."

அக்கா முகம் மலர்ந்தது. "பார்த்தியா, தம்பி மூளைய! கார் வாங்கினா முதல் சவாரி உனக்குத்தான். பெட்ரோல் மட்டும் நீ ஊத்திடு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில நாள் கழித்து மாரியப்பன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, பதினொன்னாம் பக்கத்துல என்னமோ நீளமா இருக்கே?"

"அது ஆபீஸ் விஷயம். உனக்கெதுக்கு?"

அவனை அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலமே ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நானா கடைக்குப் போனேன். நானா என்று நாங்கள் கூப்பிடும் அந்தச் சாப்பாட்டுக் கடை முதலாளி ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணாடியை ஏற்றிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இனிமே அறுபது வயசு வரைக்கும் இருந்து ஓய்வு பெற்றாத்தான் சேவைக் காசு. நடுவுல தானா விட்டுப் போனா ஒண்ணும் கிடையாது. நவம்பர் ஒண்ணுல இருந்து கடுதாசி கொடுக்கிற எல்லாருக்கும் இதுதான்." பிறகு என்னைப் பார்த்தார். "இது தெரியாமலா கையெழுத்துப் போட்டீங்க?"

அறுபது! அதைக்கூட எண்ணில் போடவில்லை. எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கடையில் நாள்காட்டி தொங்கிற்று. அக்டோபர் பதினாலு.

நீங்கள் யோசிப்பது எனக்குத் தெரிகிறது. நேரம் இருந்ததே... இருந்தது. அக்கா அந்த மாதத்துக்குள் கடுதாசி கொடுத்தால் பழைய விதி. முழுக் காசு. "அக்கா, இப்பவே கொடுத்திடுங்க." அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

ஏன் என்று அக்கா கேட்பார். முன்னே வேறு சொன்னாயே என்பார். பிறகு மாரியப்பன் கேட்பான். பிறகு கேன்டீனே கேட்கும். படிக்கத் தெரியாதவன் படித்தேன் என்றானா? எங்கள் காசை விற்றானா? இந்தக் கேள்விகளுக்குப் பயந்தேன். தோட்டத்தில் போலீஸ் முன்னால் பயப்படாதவன், ஒரு பெண்பிள்ளையின் கேள்விக்குப் பயந்தேன்!

தினமும் அக்காவைப் பார்த்தேன். தினமும் நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் அவர் இருக்கும் மேசை வரை போனேன். "என்ன தம்பி?" என்றார். "ஒண்ணுமில்ல, உப்பு இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நவம்பர் மூன்றாம் தேதி அக்கா கடுதாசி கொடுத்தார். மாதம் முடிந்து கடைசிச் சம்பளம் வாங்கப் போனவர் ஒரு தாளோடு என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, காசு கிடையாதுங்கிறான். நீ வந்து படிச்சுக் கேளு."

போனேன். மேலாளர் முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோராம் பக்கத்தை அவர் விரலால் தட்டிக் காட்டினார். வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன்: "கம்பெனி ஏமாத்திட்டான் அக்கா."

அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்தார். "நீ எவ்வளவு போராடின தம்பி. எங்க தலையெழுத்து," என்றார்.

அந்தக் கையை நான் உதறியிருக்க வேண்டும்... விடவில்லை. நன்றியை வாங்கிக்கொண்டேன்.

கார் வரவில்லை. அவர் வீட்டுக்காரர் இன்னும் பஸ்ஸில்தான் ஈப்போவுக்குப் போய் வருகிறார். மற்ற நாட்களில் அக்கா நானா கடையில் தட்டுக் கழுவுகிறார். அங்கே தேத்தண்ணி குடிக்கப் போனால் பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். நானாவுக்கு எல்லாம் தெரியும். கிளாஸை என் முன்னால் வைப்பார். சில்லறையைக் கையில் தர மாட்டார், மேசையில் போடுவார்.

நான் இன்னும் செயலாளர்தான். போன தேர்தலில் என் பெயரை முன்மொழிந்தது மாரியப்பன்.

படிக்கத் தெரியாதது குற்றமில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி. தவறாகச் சொன்னதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் தெரிந்த பிறகு? தெரிந்துகொண்டு, அக்கா கொடுத்த உப்பையும் போட்டுத் தின்றுகொண்டு, வாய் மூடி இருந்த நாட்கள்?

எண்கள் எனக்குப் படிக்கத் தெரியும். எண்ணிவிட்டேன்.

பதினேழு.