அன்று நான் ஜோக் சொல்லவில்லை

பதினொரு வருடம் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். காலை ஏழே முக்காலுக்கு நாற்பது பேரை நிற்க வைத்து, அன்றைக்கு எந்த இடத்தில் என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டும். அதற்கு டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். பத்து நிமிடம். கடைசியில் ஒரு கடி ஜோக் சொல்லி முடிப்பேன். நாற்பது பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பினேன். அதனால்தான் மேற்பார்வையாளர் வேலை போனது.

ஆரம்பத்தில் நாலு வருடம் காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தேன். நின்றுகொண்டே தூங்கினார்கள். தூங்காமல் என்ன செய்வார்கள், விடுதியிலிருந்து ஐந்து மணிக்கே லாரி ஏறுகிறவர்கள். ஒருநாள் காகிதத்தை மடித்துவிட்டுச் சொன்னேன்: "எல்லாருக்கும் தலைக்கு மேல வேலை இருக்கு. அதனாலதான் கம்பெனி ஹெல்மெட் குடுத்திருக்கு." உண்மையிலேயே எங்கள் தலைக்கு மேல் கிரேன் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் என்ன என்று கேட்டு விழித்துக்கொண்டார்கள். அது போதும் எனக்கு. சிரிப்பவன் காதைத் திறந்து வைத்திருக்கிறான் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து சிரிப்புதான் என் வருகைப் பதிவேடு.

அதற்குப் பிறகு தினமும் ஒன்று. "மெஷினுக்குள்ள கை விட்டீங்கன்னா, கை உங்களைக் கைவிட்டுடும்." "ஏணியில ஆய்த எழுத்து மாதிரி ஏறுங்க, மூணு புள்ளி எப்பவும் ஒட்டிக்கிட்டு இருக்கணும்." ஏணியில் ஏறும்போது இரண்டு காலும் ஒரு கையுமாவது பிடிமானத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதை இதைவிட நன்றாக யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

வீட்டில் இதெல்லாம் செல்லாது. செங்காங்கில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஜோக்கை ஆரம்பித்தாலே என் மகள் கரண்டியைக் கீழே வைப்பாள். "அப்பா, ஸ்டாப் லா. ஐ ஆம் ஈட்டிங்." என் மனைவி இன்னும் மோசம். "இதை பட்டறையில சொன்னீங்களா? சிரிச்சாங்களா? அவங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க, சிரிப்பாங்க. எனக்கு யாரு குடுக்குறா?" பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நாற்பது பேர் சிரிக்கிறார்கள், இவளுக்கு மட்டும் புரியவில்லை என்றால் குறை யாரிடம்?

அந்த நாற்பது பேரில் எட்டுப் பேர் பங்களாதேஷ்காரர்கள். தமிழ் தெரியாது. நான் சொல்வதை அவர்களில் ஒருவர் பிறகு அவர்கள் மொழியில் சொல்லுவார். ஆனால் ஜோக் முடிந்த உடனே அவர்களும் சிரித்தார்கள். இதை ஏழு வருடம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. சிரிப்பு தொற்றிக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மடையன்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு ஃபோர்மன் உண்டு. என்னைவிட ஆறு வயது சின்னவர். கூலியாளாக வந்து, படிப்படியாக மேலே வந்து, நிரந்தரவாசி ஆகி, குவீன்ஸ்டவுனில் குடும்பத்தோடு இருந்தார். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டுக்கு வந்து என் மனைவி கையால் சாப்பிடுவார். கூட்டத்தில் முன்வரிசையில் நின்று முதலில் சிரிப்பவர் அவர்தான். "அண்ணே, இன்னைக்குச் சொன்னது செம லா. எப்படிண்ணே யோசிக்கிறீங்க?" என்பார். நான் கையை வீசிவிட்டு நடப்பேன். ஆனால் அன்று முழுக்க மனது நன்றாக இருக்கும்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

கப்பலின் நாலாவது தொட்டியில் முந்தின நாள் உள்ளே பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். பெயின்ட் புகை உள்ளே நிற்கும். கருவி வைத்துக் காற்றைச் சோதித்து, அனுமதிக் காகிதம் வந்த பிறகுதான் ஆள் இறங்கலாம். சோதிக்க வேண்டியவர் அன்று காலை வந்து சேரவில்லை. எனக்கு ஒரே எரிச்சல். கூட்டத்தில் ஜோக் சொல்லும் மனநிலை இல்லை. மற்றதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னேன்: "நாலாவது டேங்க்ல இன்னும் கேஸ் செக் பண்ணல. பேப்பர் வர்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது."

நிறுத்தினேன்.

நாற்பது பேரும் சிரித்தார்கள்.

இதை நான் மறைக்கப் போவதில்லை: நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு நொடி புரியவில்லை. ஏதோ என்னை அறியாமல் சிலேடையாகச் சொல்லிவிட்டேன் போல என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. "சரி, சரி, போங்க" என்று கையைத் தட்டி அனுப்பினேன். அங்கேயே நிறுத்தி, ஏன் சிரித்தீர்கள் என்று ஒருவனைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் குற்றம். அதற்கு நான் யாரையும் கை காட்டவில்லை.

பத்தரை மணிக்கு நாலாவது தொட்டிக்குள் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று வாக்கி டாக்கியில் கத்தினார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும், வெல்டர். உள்ளே விட்டுவந்த விளக்கை எடுக்க இறங்கியிருக்கிறார். தொட்டி வாயில் நான் மாட்டச் சொன்ன சிவப்புப் பலகை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. மூச்சுக் கருவி போட்ட இரண்டு பேர் இறங்கிக் கயிறு கட்டித் தூக்கினார்கள். வெளியே வந்ததும் வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார்.

விசாரணை நடந்தது. காலையில் மேற்பார்வையாளர் என்ன சொன்னார் என்று ஏழு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வாசித்தார். "சூப்பர்வைசர் டோல்ட் அ ஜோக்." அடுத்த காகிதம். "சூப்பர்வைசர் டோல்ட் அ ஜோக்." ஏழு காகிதத்திலும் அதுதான். நாலாவது தொட்டி என்ற வார்த்தை ஒன்றில்கூட இல்லை.

"அன்னைக்கு நான் ஜோக்கே சொல்லல" என்றேன்.

"ஃபோர்மன் என்ன ஜோக்னுகூடச் சொல்லியிருக்கார்" என்றார். ஏணி, மூன்று புள்ளி என்று எழுதியிருந்தது. அது நான் அதற்கு முந்தின வாரம் சொன்னது.

என்னிடம் காட்ட ஏதாவது ஆதாரம் இருந்ததா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு படிவம் உண்டு. என்ன பேசினோம் என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பேசிய பொருள் என்ற கட்டத்தில் பல வருடமாக ‘பொதுப் பாதுகாப்பு’ என்றுதான் நிரப்பிவந்தேன். அன்றும் அதேதான். வெளியே வந்தபோது ஃபோர்மன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

மேற்பார்வை வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பாமல், அனுமதிக் காகிதம் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். சம்பளமும் குறைந்தது. என் இடத்துக்கு வந்தவர் காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறார்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். அவள் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பஃபலோ சாலை ஓரத்தில் அந்த வெல்டர் தன் கூட்டாளிகளோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் நழுவப் பார்த்தார். விடவில்லை. ஒரு தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனேன்.

"நான் இறங்காதன்னு சொன்னது உனக்குக் கேக்கலையா?"

"சத்தியமா கேக்கல சார். நாங்க யாரு சார் கேட்டோம்? ஃபோர்மன் அண்ணன் ஹெல்மெட்ட சொறிஞ்சா சிரிக்கணும். அவ்ளோதான் தெரியும்."

"என்னது?"

"அதான் சார் சிக்னல். நான் வர்றதுக்கு முன்னாடியே உள்ளது. நீங்க சொல்லி முடிச்சிட்டு நிறுத்துவீங்கள்ல, அவரு சொறிவாரு, நாங்க சிரிப்போம். பங்களாதேஷ் பசங்களும் அதப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

"எதுக்குடா?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். சிரிக்கலன்னா நீங்க விடமாட்டீங்களாம். ஜோக்க விளக்குவீங்களாம். வெயில்ல நிக்கணும். சிரிச்சா உடனே போகச் சொல்லிருவீங்க."

அது உண்மை. விளக்குவேன். புரியாதவனை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

"டேங்க்ல இருந்த லைட்ட எடுக்கச் சொன்னது யாரு?"

"அண்ணன்தான். ரெண்டு நிமிஷம், ஒண்ணும் ஆகாதுன்னாரு. விசாரணையில சொல்லாதேன்னும் சொன்னாரு. என் வொர்க் பெர்மிட்டு அவரு கையிலதான சார் இருக்கு. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ள."

"போய் உள்ளதைச் சொல்லுறியா?"

"மாட்டேன் சார்."

நேராகச் சொன்னார். அந்த ஒருவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தேநீருக்கு அவரே காசு கொடுக்கப் போனார், தடுத்துவிட்டு நான் கொடுத்தேன். வெளியே வந்தபோது மனைவி மீன் பையோடு நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "தீபாவளிக்கு வந்தா கதவத் திறக்க மாட்டேன்" என்றாள். "முறுக்கு வேற டப்பாவுல போட்டுக் குடுத்து அனுப்புனேன் அவனுக்கு."

ஏழு வருடச் சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் முடிந்த சிரிப்பு. மனிதர்கள் அப்படிச் சிரிப்பதில்லை. ஒருவன் முந்துவான், ஒருவன் பிந்துவான், ஒருவனுக்கு இருமல் வரும். எனக்கு அது தெரியாதா? தெரியும். காதுக்கு இனிமையாக இருந்தது, அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது கவுன்ட்டரில் யாரும் என்னிடம் சும்மா காகிதம் வாங்க முடியாது. எந்தத் தொட்டி, எத்தனை பேர், எத்தனை மணி வரை என்று நான் சொல்வேன். கேட்பவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழோ வங்காளமோ மாண்டரினோ, எனக்குப் பாதி புரிந்தாலும் போதும், வாய் அசைய வேண்டும்.

போன வாரம் ஃபோர்மன் வரிசையில் வந்தார். வேறு ஆளை அனுப்புவதுதான் அவர் வழக்கம், அன்று ஆள் இல்லை போல. பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள்.

"அண்ணே, ரெண்டாவது டேங்க் பேப்பர்."

"ரெண்டாவது டேங்க். மூணு பேரு. பன்னிரண்டு மணி வரைக்கும். டேங்க் வாயில ஒரு ஆள் நிக்கணும். திருப்பிச் சொல்லு."

சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

"இன்னொரு தடவை."

"அண்ணே, என்னண்ணே, பின்னாடி ஆள் நிக்குது லா. முன்னாடியெல்லாம் எவ்ளோ ஜாலியா பேசுவீங்க."

"இன்னொரு தடவை."

சொன்னார். பின்னால் நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை. மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தேன். அற்பத்தனம்தான், எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை "வாயில ஒரு ஆள்" என்னும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. முத்திரை குத்திக் காகிதத்தைத் தள்ளினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அடுத்தவங்க வாங்க" என்றேன்.