எங்கள் கிணற்றைக் கண்டுபிடித்தவர்

என் அப்பா வாழ்நாளில் தொப்பி போட்டதில்லை. வெயிலென்றால் துவாயைத் தலையில் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் பத்து வயதில் நான் கீறிய படத்தில் அவருக்கு அகன்ற விளிம்பு வைத்த ஒரு தொப்பி இருந்தது. கையில் தொலைநோக்கிகூட இருந்தது. எல்லாம் அந்தப் புத்தகம் செய்த வேலை என்று சொல்லித் தப்பிவிடலாம். கன காலமாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து நாங்கள் வன்னியில் எங்கள் ஊரான அக்கராயனுக்குத் திரும்பிய அடுத்த வருடம். பாடசாலை அப்போது தகரக் கொட்டகை. அதற்கு யாரோ ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று, தெரியாத நாடுகளைத் தேடிப் போனவர்களைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் படம். பனிமலை, பாலைவனம், முதலை கிடக்கும் ஆறு. ஒவ்வொரு படத்திலும் முன்னால் ஒருவர் தொப்பியோடு கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அவருடைய பெயர் கீழே தடித்த எழுத்தில் இருக்கும். பின்னால் தலையில் மூட்டையோடு ஆட்கள் வரிசையாக வருவார்கள். அவர்களுக்குக் கண், மூக்கு, வாய் ஒன்றும் ஒழுங்காகக் கீறியிருக்காது. அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. நான் திரும்பத் திரும்ப இரவல் எடுத்ததில் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தின் அட்டையைக்கூடக் கண்டிருக்கமாட்டார்கள்.

பாடசாலைக் கண்காட்சி வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு படப்புத்தகம் செய்து வரவேண்டும், உண்மையாக நடந்த ஒரு தேடலாக இருக்கவேண்டும் என்று ரீச்சர் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. எங்களுக்குக் கிணறு இருந்தது.

திரும்பி வந்த முதல் நாள் நடந்தது அது. கண்ணிவெடி அகற்றியாயிற்று, இனி உள்ளே போகலாம் என்று விட்டபோது, எங்கள் வளவு இருந்த இடத்தில் காடுதான் இருந்தது. வீடும் இல்லை, வேலியும் இல்லை. அப்பா கத்தியோடு முன்னால் நடந்தார். “கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் என்ர வளவுக்குப் போவன்” என்றார். அரை மணித்தியாலத்தில் ஒரே புற்றை மூன்று தரம் சுற்றி வந்துவிட்டோம்.

“அந்தப் புத்துக்கு எங்களை நல்லாப் பழகிப்போச்சு” என்றார் அம்மா.

எங்களோடு பின்வளவு ஆளும் அவருடைய மகளும் வந்தார்கள். எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த குடும்பம் அது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவர் எங்கள் வயலில் வேலை செய்தவர். வீட்டில் அவருக்குப் ‘பின்வளவு ஆள்’ என்றுதான் பெயர். நேரில் “இஞ்ச” என்று கூப்பிடுவார்கள். அன்று கொட்டில் போட வைத்திருந்த எங்கள் தறப்பாளையும் பானை சட்டியையும் தலையில் சுமந்துகொண்டு கடைசியாக வந்தார்.

நாலாம் தரமும் புற்றடிக்கு வந்தபோது அவர் நின்றார். நிலம் கொஞ்சம் மேடாக இருந்த ஒரு பக்கத்தைப் பார்த்தார். “ஐயா, இது வெட்டிப் போட்ட மண்ணுங்க. கெணறு கிட்டத்தான் இருக்கு” என்றார். அப்பா அதைக் காதில் வாங்காமல் கொடிகளை விலக்கிக்கொண்டு காலைத் தூக்கினார். பின்னால் பானை சட்டி விழுந்து உருண்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் அப்பாவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, இரண்டு பேரும் நிலத்தில் கிடந்தார்கள். அப்பா கால் வைக்கப் போன இடத்தில் கொடிக்குக் கீழே கிணறு. கட்டு உடைந்து, வாய் திறந்தபடி கிடந்தது.

“நான் வெட்டுன கெணறுங்க” என்றார் அவர், மூச்சு வாங்க. “எனக்குத் தெரியாதா?”

அம்மா அழுதுவிட்டார். அப்பா எழும்பி மண்ணைத் தட்டினார். பிறகு அந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும் “நான் கிணத்தைக் கண்டுபிடிச்சன்” என்றுதான் தொடங்குவார்.

நானும் அப்படியே செய்தேன். தொப்பி போட்ட அப்பா கிணற்றடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு மூலையில், தலையில் மூட்டையோடு, பெருவிரல் அளவில் ஒரு ஆள். வர்ணப் பென்சில் அவருடைய மகளுடையது. வகுப்பில் அவள் என் பக்கத்துக் கதிரை.

“எங்கப்பாவ இவ்வளவு சின்னனாக் கீறியிருக்கிறாய்” என்றாள்.

“அவர் தூரத்தில நிக்கிறார். அதுதான்” என்றேன்.

அவள் நம்பினாள். பச்சை நிறத்தைத் தீட்டி நுனி மழுங்கியபோது அவளே சீவித் தந்தாள். படங்களுக்குக் கீழே வசனங்களை நான் வீட்டில் வைத்து எழுதினேன். அந்தப் படத்துக்குக் கீழே, மூலையில் நின்றவருக்கு நேராக, ‘சாமான் தூக்கி வந்த ஆள்’ என்று எழுதினேன். எழுதும்போதே அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாத பிள்ளை என்று இப்போது நடிக்கமுடியாது. அப்பா வாங்கிப் பார்த்தார், தொப்பியைக் கண்டு சிரித்தார், வசனத்தையும் வாசித்தார். அப்படியே திருப்பித் தந்தார்.

கண்காட்சி அன்று பின்வளவு ஆள் வந்தார். மினுக்கிய வெள்ளைச் சேர்ட். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அவர் ஒரு புத்தகத்தில் வந்திருக்கிறார் என்று மகள் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறாள். நேராக என் மேசைக்கு வந்தார்கள்.

“நம்மளப் பத்தி எழுதியிருக்கீங்களாம் பாப்பா. கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க. எனக்கு வாசிக்க வராது.”

புத்தகத்தை மூடிவிட்டு ஓடலாம் போல இருந்தது. ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு ஆசை. பக்கத்தைத் திருப்பி, இல்லாததை வாசித்தேன். “எங்கள் கிணற்றைக் கண்டுபிடித்தவர் இவர்தான். இந்தக் கிணற்றை வெட்டியவரும் இவர்தான். இவர் எங்கள் அப்பாவின் உயிரைக் காப்பாற்றினார்.” வாயில் வந்தது அத்தனையும் உண்மை. தாளில் ஒரு சொல்லும் இல்லை.

அவர் குனிந்து தன் சின்ன உருவத்தைப் பார்த்துச் சிரித்தார். “பேரும் போட்டிருக்கா?”

“ஓம்.”

“எது பாப்பா?”

வகுப்பில் வரவு பார்க்க இடாப்புக் கூப்பிடும்போது மகளின் பெயரோடு சேர்த்து அவருடைய பெயரை நான் தினமும் கேட்டவள். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவே இல்லை. மூலையில் நின்றவருக்குக் கீழே இருந்த முதல் சொல்லில் விரலை வைத்தேன். ‘சாமான்.’

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் சுட்டுவிரலால் அந்தச் சொல்லை மெல்லத் தொட்டார். “நல்லா இருக்கு பாப்பா” என்றார். மகளுக்கு வாசிக்கத் தெரியும். அவள் அந்த வரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வாங்கப்பா, மத்ததையும் பாப்பம்” என்று அவருடைய கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை, பென்சில் தரவும் இல்லை.

வாசலில், வந்தவர்கள் பெயர் எழுதுவதற்கு ஒரு கொப்பியை விரித்து வைத்திருந்தார்கள். போகும்போது அவர் அதன்முன் நின்றார். பேனையை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, நேரமெடுத்துத் தன் பெயரை எழுதினார். தாள் பறக்காமல் மகள் பிடித்துக்கொண்டாள். நான் என் மேசையடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாடா, போகிறார்கள் என்று மட்டும்தான் நினைத்தேன். அவரைக் கெட்டித்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று ஒரு பெருமைகூட இருந்தது.

வாசிக்க வராதவர்தான். ஆனால் மீள்குடியேற்றப் படிவங்களில் எத்தனை தரம் கையெழுத்து வைத்திருப்பார்! தன் பெயர் தாளில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் விரல் வைத்த சொல் அது இல்லை என்றும் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். அன்று தகப்பனும் மகளும்தான் என்னைச் சமாளித்துவிட்டுப் போனார்கள். அது எனக்கு உறைக்கப் பல வருடம் சென்றது.