இடது கைக்கு ஒரு புல்வெட்டி

என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்தவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி இறங்கியே பாதி ஆயுசு போனது. மேலே பஸ் நிற்கும் நேரத்தில் அங்கிருக்கும் பங்களாக்களின் கம்பி கேட் வழியாகப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். ஓய்வு பெற்று திண்டுக்கல்லில் வீடு கட்டியதும், முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்க நான் கேட்ட முன்பக்க இடம் முழுவதையும் புல்லாக்கிவிட்டார். குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊரில் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற மனுஷனை என்ன சொல்வது? சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தண்ணீர் விட்டார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நல்லவேளை, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை மட்டும் அசையாமல் தொங்கிப்போனது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். அதுவரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிய கத்தரியால் புல்லை அவரேதான் கத்தரித்து வந்தார். இனி அது நடக்காது என்று நான் ஓர் ஆளை வரச் சொன்னேன். தென்னந்தோப்பில் களை அடிக்கிற மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த அந்த ஆள், மண் தெரிய மொட்டையடித்துவிட்டுப் போனார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். மறுநாளிலிருந்து முன்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பேசாமல் டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு மழை பெய்ததும் புல் மறுபடி எழுந்து வந்தது. மனுஷன்தான் எழுந்து வரவில்லை. ஒரே கையால் அவரே தள்ளி வெட்டுகிற மாதிரி ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தால் வெளியே வருவார் என்று எனக்குத் தோன்றியது. என் தம்பியிடம் சொன்னேன்.

"நடக்கவே தடுமாறுற மனுசன் கையில பிளேடு மெஷினக் குடுக்கப் போறியாக்கா? வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான்" என்றான்.

"வேட்டி எங்க வீட்டு வேட்டி. நீ உன் வேலையப் பாரு" என்று போனை வைத்தேன்.

எங்கள் ஊரில் புல் வெட்டுகிற மெஷின் என்று கேட்டால் தோளில் மாட்டுகிறதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். "எம்புட்டுத் தோப்பும்மா?" என்று முதல் கடையில் கேட்டார்கள். தோப்பு இல்லை, வீட்டு முன்னால் கொஞ்சம் புல் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அடுத்த கடையில் பெட்ரோல் மெஷின் இருந்தது. அதில் ஒரு கை பிடியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அங்கேதான் எனக்கு உறைத்தது. ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு நான் பார்த்தால் எதுவுமே சுலபமாகத்தான் தெரியும். மூன்றாவது கடைக்குள் நுழையும் முன் முந்தானையைச் சுற்றி எடுத்து, வலது கையை அதற்குள் விட்டு, இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டேன்.

கடைக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். "ஏனுங்கக்கா, கையில ஏதாச்சும் அடிங்களா?" என்றார்.

"கை நல்லாத்தான் இருக்கு. நீங்க கரண்டு மெஷினக் காட்டுங்க."

வயர் வைத்தது ஒன்று, பேட்டரி வைத்தது ரெண்டு காட்டினார். வயர் வைத்தது விலை குறைவுதான். ஆனால் ஒரு கை மெஷினைத் தள்ளினால் பின்னால் வரும் வயரை எந்தக் கை ஒதுக்குவது? ஈரப் புல், வயர், பிளேடு மூன்றையும் சேர்த்து நினைத்ததும் அதைத் தள்ளி வைக்கச் சொன்னேன். பேட்டரி மெஷின்களில் இன்னொரு வில்லங்கம். பிடியின் மேலே இருக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டே கீழே இருக்கும் கம்பியைப் பிடியோடு சேர்த்து இழுத்தால்தான் பிளேடு சுற்றும். சுற்ற ஆரம்பித்த பிறகு பட்டனை விட்டுவிடலாம், ஆனால் கம்பியை விட்டால் நின்றுவிடும். தெரியாமல் ஓடிவிடக்கூடாது என்று வைத்த காவல் அது.

"பட்டனை ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் குடுத்தர்றங்க. எப்பவும் அமுங்கியே இருக்குமுங்க" என்றார் கடைக்காரர். காலை இழுத்து நடக்கிறவருக்கா அந்தக் காவலை எடுப்பது? வேண்டவே வேண்டாம் என்றேன்.

ரெண்டில் சின்ன மெஷினில் பட்டனும் கம்பியும் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தன. கட்டைவிரலை நீட்டிப் பட்டனை அமுக்கி, மற்ற விரல்களால் கம்பியை இழுத்தேன். வரவில்லை. மறுபடி, மறுபடி. கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கடைசியில் பிளேடு உறுமிக்கொண்டு சுற்றியதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கே எட்டுகிறது, பஸ் கியரைப் போட்டுப் போட்டு உரமேறின அந்த இடது கைக்கு எட்டாதா? அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து மெஷினைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு, அவரைக் கையோடு வெளியே கூட்டிவந்தேன். கட்டைவிரல் அவருக்குத் தாராளமாக எட்டியது. ஆனால் கம்பியை இழுத்ததும் மெஷினே சக்கரத்தில் உருண்டு பின்னால் வந்து அவர் மேல் இடித்தது. விரல் பட்டனிலிருந்து நழுவியது. திரும்பத் திரும்ப அதேதான். கடையில் நான் என்னை அறியாமல் காலை ஊன்றி, இடுப்பை வைத்துப் பிடியை முட்டுக்கொடுத்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு போன புத்திசாலி, காலைக் கட்டிக்கொண்டு போகவில்லை.

"நான் பட்டனை அமுக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். கொண்டுபோய்க் குடுத்துரு."

உள்ளே போய்விட்டார். மெஷின் ஷெட்டில் கிடந்தது. அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் போனில் சொன்னார். பெட்டியைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக்கூட வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், இருந்த கொஞ்ச ஆசையையும் நானே கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை, சோற்றுக்கு வெஞ்சனமாகக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் மெஷின் சத்தம் கேட்டது, உடனே நின்றது. அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் மெஷினை மதில் ஓரமாகக் கொண்டுபோய், சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல்லை வைத்திருந்தார். இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கை பட்டன் மேல் படும்படி வைத்தார். நெஞ்சை அந்தக் கை மேல் சாய்த்தார். அதன் பாரத்தில் பட்டன் அமுங்கியது. இடது கையால் கம்பியை இழுத்தார். மெஷின் ஓடியது. வலது கை நழுவித் தொங்கியது. அவர் மெல்லத் தள்ளிக்கொண்டு நடந்தார். கோணல் மாணலாக ஒரு வரிசை வெட்டுப்பட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தக் கை தேவையே படக்கூடாதுன்னுதாங்க பாத்துப் பாத்து வாங்குனேன்" என்றேன்.

மெஷினை நிறுத்தி மூச்சு வாங்கினார். "அதான் கோளாறு. இதையும் சேத்துக்கிட்டாத்தான் ஓடுது" என்றார்.

குளிப்பாட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் தினமும் தூக்கி வைக்கிற கை அது. அதை நான் எப்போதோ கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் எடுக்கவில்லை.

செங்கல்லைக் காலால் தள்ளிக்கொண்டுவந்து சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு, அந்தக் கையை மறுபடி தூக்கினார்.