பிரிக்காத உறை

தங்கக் காசு சேர்க்க வேண்டும் என்பது என் ஆசைதான். ஆனால் முதல் காசைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடை. ஒரு கிராம் காசுகளைப் பரப்பி வைத்தார்கள். நான் ஒவ்வொன்றாக விலை கேட்டுக்கொண்டிருக்க, அவள் மான் பொறித்த காசைத் தொட்டுக் காட்டி, “இதுதாங்க. ஓடப் பாக்குது பாருங்க” என்று சிரித்தாள்.

“அண்ணே, பிளாஸ்டிக் உறையப் பிரிச்சிடாதீங்க. விக்கும்போது வெல கொறைஞ்சிடும்லா” என்றார் கடைக்காரர். அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

பட்டர்வொர்த்துக்குத் திரும்பும்போது, ஃபெரிப் படகில் அவள் கேட்டாள்: “ஒரு தடவ வெளிய எடுத்துக் கொடுங்க, கையில வச்சுப் பாக்கறேன்.”

மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் உழைத்துக் காய்த்துப்போன கையை நீட்டினாள்.

“வெளையாட்டுச் சாமானா இது?” என்று எரிந்து விழுந்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். மறுபடி கேட்கவே இல்லை.

மூன்றே மாதத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டாள்.

குளிப்பாட்டிக் கிடத்தியதும் பக்கத்து வீட்டு அக்கா, “தம்பி, நெத்தியில வைக்க ஒரு காசு கொடுங்க” என்றார். சட்டைப்பையிலிருந்த சில்லறையைக் கொடுத்தேன். பிறகு உள்ளே போய் அந்த உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். மான் காசை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கப் பார்த்தேன். விறைத்த விரல்கள் மடங்கவில்லை. காசு நழுவிப் பாயில் விழுந்தது.

இரண்டாவது காசை நான் வாங்கவே இல்லை. அந்த ஒன்று மட்டும் உறையில்லாமல் மேசைமேல் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் நானே எடுத்து நீட்டுகிறேன். கேட்டவளுக்குத்தான் கொடுக்கவில்லை.