பதினோராவது பாட்டு

காலையில் பால் வாங்கப் போனால், பால்காரர் மார்பில் ஏதோ ஓர் அமெரிக்கக் கல்லூரியின் பெயர் இருக்கும். வரிசையில் முன்னால் நிற்பவர் முதுகில் நார்வே நாட்டு மீன்பிடிப் போட்டி. பனியன் ஏற்றுமதி செய்யும் அனுப்பர்பாளையத்தில் இது யாருக்கும் விநோதம் இல்லை. கப்பல் ஏறாத சரக்கெல்லாம் எங்கள் மேல் ஏறிவிடும். தெற்கே செம்மண் தேரிக்காட்டிலிருந்து இங்கே வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்னும் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்குமுன் பனியனைப் படிக்கிறேன். அதற்கு ஒரு பனியன்தான் காரணம். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல வந்து தங்கிவிட்டவர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் கிடார் குழுக்களின் அலை ஒன்று எழுந்தது. பிரிட்பாப் என்றார்கள். இரண்டு மூன்று பெயர்கள் உலகம் முழுக்கப் போயின; மற்றவை காலடியில் மிதிபட்டன. மிதிபட்ட ஒரு குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கான பனியன் ஆர்டர், நான் செக்கிங் பார்த்த கம்பெனிக்கு வந்தது. முன்பக்கம் பூட்டிய மில் கதவு, பின்பக்கம் பாட்டுகளின் பட்டியல். சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஃபேக்ஸில் பதினொரு பாட்டு. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து ஓகே சொன்னவன் நான். பெட்டி கட்டி முடித்திருந்தோம். முன்னால் போன சாம்பிளைப் பார்த்துவிட்டு, ஆல்பத்தில் இருப்பது பத்துப் பாட்டு, பதினோராவது என்று ஒன்று கிடையாது என்று பையரிடமிருந்து புகார் வந்தது. சாட்சிக்கு ஒரு கேசட்டும் வந்தது.

பையரோடு பேசுகிற வேலை மெர்ச்சண்டைசர் தங்கவேலுக்கு. அவர் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்து செக்கிங் டேபிளில் வைத்தார். சுற்றிலும் இருபது பேர்.

"எண்ணிப் பாருங்க. எத்தனைங்க?"

"பத்து. ஆனா ஃபேக்ஸ்ல பதினொண்ணு இருந்துச்சு அண்ணாச்சி."

"எந்த ஃபேக்ஸுங்க?"

ஃபைலில் அது இல்லை. "சரிங்க, நாளைக்கு நீங்க ஊட்டுல இருந்துக்கங்க" என்றார்.

எங்கள் பக்கம் ஒருவனை வேலையை விட்டு நிறுத்தினால் தெருக்கோடி வரை கேட்கும். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு இத்தனை மரியாதையாக நிறுத்த முடியும் என்று எனக்குத் தெரியாது. லீவு என்று நினைத்தேன். வியாழக்கிழமை மதியம் வரை தூங்கினேன். வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸோடு போனபோது வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்தார். அந்த ஆண்டின் நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமைப் பக்கத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருக்கிறேன். ரிஜெக்ட் ஆன பனியன்களை எடைக்குப் போட்டார்கள். அடுத்த இரண்டு வருடம், என் தவறு என்று சொல்லப்பட்ட அந்தப் பதினோராவது வரி டீக்கடையிலும் பஸ்ஸிலும் எனக்கு முன்னால் முதுகு முதுகாகப் போய்க்கொண்டிருந்தது.

கேசட் என் பையிலேயே தங்கிவிட்டது. முதலில் வெறுப்போடுதான் கேட்டேன். பிறகு வெறுப்பு அதைக் கொன்றவர்கள் பக்கம் திரும்பியது. முப்பது வயதாகாத பாடகன் கிழவனைப் போலப் புலம்புகிறான் என்று லண்டன் பத்திரிகைகள் ஒரே வாரத்தில் அதைப் புதைத்தன. அந்த வருடம் மற்றவர்கள் கொண்டாட்டத்தைப் பாடினார்கள். இவர்கள் மில் மூடிய ஊரில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாடினார்கள். மூன்றாவது பாட்டில் டிரம் தறி போல அடிக்கிறது. ஐந்தாவதில், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஊர் பேண்டின் பித்தளைக் கருவிகள் மெல்ல நுழைகின்றன. ஏழாவது வீண், ஒன்பதாவது நீளம். ஆனாலும் அந்த அலையில் இதைவிட நேர்மையான ஆல்பம் இல்லை. மில் போய்விட்ட ஊரின் பாட்டு, மில் வந்து சேர்ந்த ஊரில் பனியனாகத் தைக்கப்பட்டது. அதைக் கேட்கும் காது அந்த விமர்சகர்களுக்கு இல்லை. ஒரு குறை மட்டும் எனக்குத் தீரவில்லை. பத்தாவது பாட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல நடுவிலேயே நின்றுவிடும்.

சென்ற மாதம் அந்த ஆல்பம் மறுபடி வெளிவந்தது. இப்போது அதே பத்திரிகைகள் புகழ்கின்றன. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. இந்தமுறை பதினொரு பாட்டு. வீட்டு விஷயத்தை வெளியே பாடாதே என்று அப்பா கேட்டுக்கொண்டதால் கடைசி வாரத்தில் அதை எடுத்துவிட்டதாகப் பாடகரே எழுதியிருக்கிறார். சேதி பனியன் வரைக்கும் வந்து சேரவில்லை. என் கண் தவறு செய்யவில்லை.

மறுநாளே பெருமாநல்லூர் போனேன். தங்கவேல் அங்கே சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறார்.

"வாங்க, உக்காருங்க. வேலைக்குங்களா? செக்கிங்ல ஆள் வேணுமுங்க. ஆனா கண்ணு தெரியோணுமில்லீங்க."

"கண்ணு நல்லாத் தெரியும். இப்ப காதக் குடுங்க."

பாட்டைப் போட்டுப் போனை மேசையில் வைத்தேன். முழுப் பாட்டையும் கேட்டார். "நல்லாருக்குங்க. பையனுக்கு அனுப்புங்க" என்றார்.

"இதுதான் அந்தப் பதினோராவது பாட்டு."

போனை என் பக்கம் தள்ளினார். "அந்த ஃபேக்ஸு எங்கிட்டதானுங்க இருந்துது. ஆராச்சும் ஒருத்தர் பேரச் சொல்லோணுமில்லீங்க. நீங்க வெளியூரு."

"அன்னைக்கு டேபிள்ல வச்சுத்தானே கேட்டீங்க. இன்னைக்கும் டேபிளுக்கு வந்து சொல்லுங்க. இல்லாட்டி உங்க பேரப் போட்டு எழுதுவேன்."

வந்தார். இங்கே அவருக்குத் தங்கவேல் என்று வேறு பெயர் வைத்திருப்பது அதனால்தான்.

செக்கிங் டேபிளில் எட்டுப் பெண்கள். தவறு என்னுடையது, இவருடையது அல்ல என்று அவர் தமிழில் சொன்னார். ஒருத்தியும் நிமிரவில்லை. எல்லோரும் ஜார்க்கண்ட்.

"இந்தியில சொல்லுங்க" என்றேன்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கல்தி மேரா. இன்கா நஹி."

ஓரத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "மேரா நஹி சார், மேரி." கல்தி என்றால் தவறு, இந்தியில் அது பெண்பாலாம். எட்டுப் பேரும் சிரித்தார்கள். முதலாளி கைகட்டி நின்று, திருத்தமாக, இரண்டாவது முறை சொன்னார்: "கல்தி மேரி." இத்தனை வருடம் ஒருமுறை கேட்கத்தான் காத்திருந்தேன். இரண்டு முறை கிடைத்தது.

அவள் என்னைப் பார்த்து, "ஆப் கஹாங் சே?" என்றாள். எந்த ஊர் என்று கேட்கிறாள். நான் வாயைத் திறக்குமுன் தங்கவேல் முந்திக்கொண்டார். "இதர் கா ஆத்மி. லோக்கல்."

"இல்லீங்க" என்றேன். "நான் வெளியூருதானுங்க."

கேட்டைத் தாண்டிய பிறகுதான், அதை எந்த ஊர்த் தமிழில் சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.