என் வழக்கு ஆக்லாந்தில்தான் நடக்கும்

நான் வேலை பார்த்தது சிங்கப்பூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு. ஆனால் ஒரு நாள்கூட அங்கே போய் உட்கார்ந்ததில்லை. ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில், வாடகை வீட்டில், துணி காயும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வேலை செய்தேன். வரியையும் நியூசிலாந்துக்குத்தான் கட்டினேன்.

ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, நியூசிலாந்துச் சட்டப்படி பிரசவ விடுப்பு கேட்டேன். மேலாளர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். போனில் அழைத்தார்.

"கான்ட்ராக்ட நல்லா படிச்சீங்களாம்மா? உங்களுக்கு எங்க ஊர்ச் சட்டந்தான். பிரச்சனைன்னா இங்க உள்ள கோர்ட்டுக்குத்தான் வரணும்."

அடுத்த வாரம் என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது, மேலாளர் அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சல். குடும்பத்தைக் கவனிக்க நானே விரும்பி விலகிவிட்டேனாம்.

"விட்டுடு. குழந்தை பொறக்கப்போற நேரத்துல எதுக்கு இந்த டென்ஷன்?" என்றார் கணவர்.

"நான் ராஜினாமா பண்ணல. பண்ணேன்னு அவர் எப்படிச் சொல்லலாம்?"

ஆக்லாந்தில் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் மனு கொடுத்தேன். நீக்கியது சரியா என்பதைப் பற்றி நிறுவனம் வாயே திறக்கவில்லை. இதை விசாரிக்க நியூசிலாந்துக்கு அதிகாரமே இல்லை என்றது. அதனால் முதலில் அதை முடிவு செய்ய வேண்டியிருந்தது.

விசாரணை நாளில் மகள் கைக்குழந்தை. கணவர் அவளோடு வெளியே உட்கார்ந்திருந்தார். நிறுவனத்தின் வக்கீல் சிங்கப்பூரிலிருந்து திரையில் தோன்றினார்.

"ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"வழக்கு எங்கே நடக்க வேண்டும் என்ற பிரிவையும் படித்தீர்களா?"

"படித்தேன். வேலை தேவைப்பட்டது, கையெழுத்துப் போட்டேன். அதனால் நான் சிங்கப்பூரில் வேலை செய்தவளாகிவிட மாட்டேன்."

வெளியே மகள் வீறிட்டாள். விசாரித்த பெண் அதிகாரி, "போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறீர்களா?" என்று கேட்டார். இங்கேயே கொடுக்கிறேன் என்று கணவரிடமிருந்து அவளை வாங்கிக்கொண்டேன். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தபடியே மீதிக் கேள்விகளுக்கும் பதில் சொன்னேன்.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. இங்கே வாழ்ந்து, இங்கே வேலை செய்தவளுக்கு இந்த நாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பை ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு பறித்துவிட முடியாது. வழக்கு இங்கேயே நடக்கும்.

அதன்பிறகுதான் நிறுவனம் சமாதானத்துக்கு இறங்கிவந்தது. அனுப்பிய ஒப்பந்த வரைவில் மறுபடியும் ஒரு பிரிவு: இனி ஏதும் தகராறு வந்தால் சிங்கப்பூர் நீதிமன்றம். அதற்குக் கீழே இன்னொன்று: இதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது. இரண்டையும் அடித்து, பழைய மின்னஞ்சல் தவறு என்று மேலாளரே எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்.

"பேசக்கூடாதுங்கறதையாவது விட்டுக் கொடேன்" என்றார் கணவர்.

"மாட்டேன்."

கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். முன்பு அனுப்பிய அதே ஆட்களுக்கு மேலாளர் மறுபடி எழுதினார்: "அவர் தானாக விலகவில்லை, முந்தைய தகவல் தவறானது." கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"மன்னிப்பு கேக்கவே இல்லையே?"

"அது யாருக்கு வேணும்? தப்புன்னு அவர் கையாலயே எழுத வெச்சேன்ல."